கருப்பைவாய்ப் புற்றுநோய் திரும்பி வரும்போது: சிகிச்சையும் ஆயுளும்

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான சிகிச்சை முடிந்து, நேரடிப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் நோய் முழுதாக மறைந்துவிட்டதென்று தெரிந்தபின், மாதங்களோ ஆண்டுகளோ கழித்து அதே நோய் மறுபடி தோன்றுவதையே ‘நோய் திரும்புதல்’ என்கிறார்கள். இடையில் குறைந்தது ஆறு மாதமாவது நோயற்ற காலம் இருந்திருக்க வேண்டும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் வரையறை. சிகிச்சை முடிந்தபின் எடுத்த முதல் ஸ்கேனிலேயே கட்டி கரையாமல் நின்றிருந்தால் அது திரும்பிய நோய் அல்ல, எஞ்சிய நோய். இரண்டுக்கும் கையாளும் வழிகள் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் எஞ்சிய நோய், முதல் சிகிச்சைக்கே மசியாத நோய் என்பதால் அதன் போக்கு சற்றுக் கடுமையானது.

இந்தியாவில் 2022-இல் மட்டும் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது என்றும், சுமார் 80,000 பேர் இறந்தனர் என்றும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டது. இவ்வளவு பேர் இறப்பதற்கு முக்கியக் காரணம், நோய் இரண்டாம் அல்லது மூன்றாம் கட்டத்தை எட்டிய பிறகே பலர் மருத்துவமனைக்கு வருவதுதான். நோய் திரும்பும் வாய்ப்பும் இந்தக் கட்டத்தைப் பொறுத்தே அமைகிறது. கட்டி கருப்பைவாயை விட்டு அதிகம் தாண்டாத 1பி, 2ஏ கட்டங்களில் 11 முதல் 22 விழுக்காட்டினருக்கும், அதற்கு மேற்பட்ட 2பி முதல் 4ஏ வரையிலான கட்டங்களில் 28 முதல் 64 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்புவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. திரும்புவதில் ஏறக்குறைய முக்கால் பங்கு முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் நிகழ்ந்துவிடுகிறது. ஐந்தாண்டு கடந்தவர்களுக்கும் வருவதுண்டு, ஆனால் அரிது.

அதனால்தான் தொடர் பரிசோதனை தொடக்கத்தில் நெருக்கமாகவும் போகப்போக இடைவெளி விட்டும் அமைக்கப்படுகிறது. முதல் இரண்டு ஆண்டுகள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த மூன்று ஆண்டுகள் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. இந்தப் பரிசோதனையில் மிகப் பயனுள்ள பகுதி, மருத்துவர் யோனி வழியாகவும் மலவாய் வழியாகவும் விரலால் தொட்டுப் பார்ப்பது. ‘ஸ்கேன் எடுத்தாயிற்றே, உள்பரிசோதனை எதற்கு’ என்று கூச்சத்தால் மறுப்பவர்கள் உண்டு. ஸ்கேனில் தழும்பு போலத் தெரியும் ஒரு தடிப்பை அனுபவமுள்ள விரல் பல நேரங்களில் சரியாக இனம் கண்டுவிடும்.

அறிகுறிகள்

நோய் எங்கே திரும்பியிருக்கிறது என்பதற்கேற்ப அறிகுறி மாறும். யோனியின் மேல்முனையிலோ கருப்பைவாய் இருந்த இடத்திலோ வந்தால், நின்றுபோன ரத்தக்கசிவு மறுபடி தொடங்கும். துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், உடலுறவுக்குப் பின் ரத்தம் ஆகியவையும் காணப்படும். இடுப்பெலும்பின் பக்கச் சுவரை ஒட்டி வந்தால் வெளியே எதுவும் தெரியாது. ஒரு பக்கப் பிட்டத்தில் தொடங்கித் தொடையின் பின்புறமாகக் கால்வரை இறங்கும் வலி, அதே காலில் வீக்கம், ஸ்கேனில் அதே பக்கச் சிறுநீரகம் நீர்கோத்து வீங்கியிருத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால், மாறாக நிரூபிக்கப்படும்வரை அதைப் பக்கச் சுவர் நோயாகவே மருத்துவர்கள் கருதுவார்கள். இந்த வலியை மூட்டுத் தேய்மானம், நரம்புப் பிடிப்பு என்று எண்ணி எண்ணெய் தேய்த்தும் வலிமாத்திரை விழுங்கியும் மாதங்களைக் கடத்திவிடுவது அடிக்கடி நடக்கிறது. கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலிமாத்திரைகள் ஏற்கெனவே அடைபட்டிருக்கும் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும் என்பதால் இழப்பு இரட்டிப்பாகிறது.

நோய் தொலைவில் பரவியிருந்தால் இடது காறையெலும்புக்கு மேலே ஒரு கட்டி, விடாத இருமல், முதுகுவலி, காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவை தலைகாட்டலாம்.

எல்லா ரத்தக்கசிவும் நோய் திரும்பியதற்கு அடையாளமல்ல. கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு, அதாவது மக்கள் வழக்கில் ‘கரண்ட் வைத்துக்கொண்டவர்களுக்கு’, ஓரிரு ஆண்டு கழித்து மலத்தோடு ரத்தம் போவதுண்டு. இது பெரும்பாலும் கதிர்வீச்சால் மலக்குடலின் உட்புறம் புண்பட்டதன் விளைவு. சிறுநீரில் ரத்தமும் அவ்வாறே வரலாம். இரண்டையும் சொல்லாமல் மறைப்பதும் தவறு, உடனே முடிவு கட்டிவிடுவதும் தவறு.

உறுதிப்படுத்துதல்

சந்தேகம் எழுந்ததும் முதலில் செய்யவேண்டியது சதைப் பரிசோதனை. ஸ்கேனை மட்டும் நம்பிச் சிகிச்சை தொடங்குவது இந்த நோயில் ஆபத்தானது. கதிர்வீச்சுக்குப் பின் இடுப்பறைத் திசுக்கள் இறுகித் தழும்பாகிவிடும். அந்தத் தழும்பும் புதிய கட்டியும் படத்தில் ஒன்றுபோலத் தோன்றும். பெட் ஸ்கேன் இரண்டையும் ஓரளவு பிரித்துக் காட்டும் என்றாலும், கதிர்வீச்சு முடிந்து மூன்று மாதத்துக்குள் எடுத்தால் வெறும் அழற்சியையே நோய் போல ஒளிரச் செய்துவிடும்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மார்பிலோ கழுத்திலோ நிணநீர்க் கணுக்கள் ஒளிர்ந்தால் அது காசநோயாகவும் இருக்கலாம். பெட் ஸ்கேன் காசநோய்க் கணுவையும் புற்றுநோய்க் கணுவையும் வேறுபடுத்தாது. ஊசியால் திசு எடுத்துப் பார்க்காமல் ‘நோய் உடலெங்கும் பரவிவிட்டது’ என்று எழுதிவிட்டால், குணமாகக்கூடிய ஒருவர் குணமாகாதவர் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிடுவார்.

இடுப்பறைக்குள் கட்டியின் எல்லையை எம்.ஆர்.ஐ. துல்லியமாகக் காட்டும். உடலின் பிற பகுதிகளுக்குப் பெட் ஸ்கேன். இவற்றோடு ஹீமோகுளோபின், கிரியாட்டினின், தைராய்டு, எச்.ஐ.வி. பரிசோதனைகளும் தேவை. எடுத்த திசுவில் பி.டி.-எல்1 என்னும் புரதம் இருக்கிறதா என்ற சோதனையையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது. மருந்துத் தேர்வில் அது பின்னர் பயன்படும். புதிய திசு போதவில்லையென்றால், முதல் சிகிச்சையின்போது எடுத்து மெழுகுக் கட்டியில் பதித்து வைத்த பழைய திசுவிலும் இதைச் செய்யலாம். அந்த மெழுகுக் கட்டி முதலில் சிகிச்சை தந்த மருத்துவமனையின் ஆய்வகத்தில் இருக்கும். உரிய கடிதம் கொடுத்துக் கேட்டுப் பெறலாம்.

எங்கே வந்தது, முன்பு என்ன கொடுத்தார்கள்

திரும்பிய நோய் என்றதும் ‘இனிக் கீமோதான்’ என்ற எண்ணம் நோயாளியின் வீட்டாரிடம் மட்டுமல்ல, சில மருத்துவர்களிடமும் உண்டு. இதுதான் இந்த நோயில் நேரும் பெரிய பிழை. ஓரிடத்தில் மட்டும் திரும்பிய நோயை முற்றாகக் குணப்படுத்தும் வாய்ப்பு இன்னும் உண்டு. அந்த வாய்ப்பை நிர்ணயிப்பவை நோய் திரும்பிய இடமும், அந்த இடத்தில் முன்பே கதிர்வீச்சு பட்டிருக்கிறதா என்பதும். கீமோ தொடங்குமுன் அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், மருந்து மருத்துவர் மூவரும் ஒன்றாகக் கூடி முடிவெடுக்கும் ‘டியூமர் போர்டு’ உள்ள மையத்தில் ஒருமுறையாவது கருத்துக் கேட்பது, இரண்டு வாரத் தாமதத்துக்குத் தகுதியானது.

முதல்முறை அறுவைசிகிச்சை மட்டும் செய்துகொண்டு, கதிர்வீச்சு பெறாத ஒருவருக்கு இடுப்பறைக்குள் நோய் திரும்பினால், அவருக்கு இன்னும் பயன்படுத்தாத ஆயுதம் ஒன்று மீதமிருக்கிறது. இடுப்பறை முழுமைக்கும் 45 முதல் 50 கிரே அளவுக் கதிர்வீச்சு, வாரத்துக்கு ஐந்து நாளாக ஐந்து வாரம் அளிக்கப்படும். அதோடு வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின், உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 40 மில்லிகிராம் என்ற கணக்கில். பிறகு பிராக்கிதெரபி எனப்படும் உள்கதிர்வீச்சு. இந்த முறையில் 40 முதல் 50 விழுக்காட்டினர் குணமடைகிறார்கள். யோனி முனையில் மட்டும் சிறிதாக வந்த நோய்க்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். சிகிச்சைக் காலத்தில் ஹீமோகுளோபின் இறங்காமல் பார்த்துக்கொள்வதும், ஒரு தவணையைக்கூடத் தவறவிடாமல் முடிப்பதும் மருந்தளவுக்கு ஈடான முக்கியத்துவம் கொண்டவை. சிஸ்பிளாட்டின் ஏறும் நாளில் உடலில் நீர்ச்சத்து நிறைந்திருக்க வேண்டும். மருத்துவரிடம் சொல்லாமல் வேறு எந்த மருந்தும், நாட்டுமருந்து உட்பட, சேர்த்துச் சாப்பிடக்கூடாது. சிஸ்பிளாட்டினோடு அந்த மருந்தும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்க நேரும்.

முன்பே முழு அளவுக் கதிர்வீச்சு பெற்றவர்களின் நிலை வேறு. அதே இடத்தில் மறுபடி அதே அளவு கதிர் பாய்ச்சினால் குடலும் சிறுநீர்ப்பையும் தாங்கா. இவர்களில் நோய் நடுப்பகுதியில் மட்டும், அதாவது கருப்பைவாய், யோனி, அவற்றை ஒட்டிய சிறுநீர்ப்பை, மலக்குடல் எல்லைக்குள் மட்டும் இருந்தால், குணமாக்கக்கூடிய வழி பெரும்பாலும் ஒன்றுதான். அது இடுப்பறை உறுப்புகளை மொத்தமாக அகற்றும் பெரிய அறுவைசிகிச்சை.

நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் பணியாற்றிய அலெக்சாண்டர் பிரன்ஷ்விக் 1948-இல் இதை முதன்முதலாக விவரித்து வெளியிட்டார். அவருடைய 22 நோயாளிகளில் ஐவர் அறுவையின் விளைவாகவே இறந்தனர். வேறு வழியற்றவர்களின் வேதனையைக் குறைப்பதே அப்போது நோக்கமாக இருந்தது. அவர்களில் சிலர் ஆண்டுக்கணக்கில் வாழ்வார்கள் என்பது பிறகே தெரிந்தது. மயக்க மருந்து, ரத்த வங்கி, தீவிரச் சிகிச்சைப் பிரிவு ஆகியவை வளர்ந்தபின் இன்று நல்ல மையங்களில் அறுவையால் நேரும் இறப்பு ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டது. சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் 32 முதல் 62 விழுக்காட்டினர் ஐந்தாண்டுக்கு மேல் வாழ்கிறார்கள். திரும்பிய கருப்பைவாய்ப் புற்றுநோயில் இதைவிடப் பெரிய எண்ணிக்கையை எந்த மருந்தும் இதுவரை தந்ததில்லை.

‘சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்’ என்ற சொற்களில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கட்டி மூன்று சென்டிமீட்டருக்குக் குறைவாக இருப்பது, முதல் சிகிச்சைக்கும் திரும்புதலுக்கும் இடையே நீண்ட காலம் கழிந்திருப்பது, நிணநீர்க் கணுக்களில் நோய் இல்லாதிருப்பது ஆகியவை சாதகமானவை. மேலே சொன்ன கால்வலி, கால்வீக்கம், சிறுநீரக வீக்கம் மூன்றும் சேர்ந்திருந்தால் இந்த அறுவை பொதுவாகப் பயன் தராது. எல்லாம் பொருந்தியிருந்தும், வயிற்றைத் திறந்து உறைநிலைத் திசுச் சோதனை செய்யும்போது நோய் எல்லை தாண்டியிருப்பது தெரிந்தால் மேற்கொண்டு எதையும் அகற்றாமல் மூடிவிடுவார்கள். இந்தச் சாத்தியத்தை முன்கூட்டியே நோயாளியிடமும் குடும்பத்திடமும் சொல்லிவைப்பது அவசியம். ஓரத்தில் சிறிது நோயை விட்டுவிட்டுச் செய்யும் அறுவையால் ஆயுள் கூடுவதில்லை, துன்பம் மட்டுமே கூடும்.

அறுவைக்குப் பின் வாழ்க்கை மாறிவிடும். கருப்பை, யோனி, சிறுநீர்ப்பை, மலக்குடல் அனைத்தும் அகற்றப்பட்டால் வயிற்றில் இரண்டு வாய்கள் அமைக்கப்படும். ஒன்றில் மலம், மற்றொன்றில் சிறுநீர், இரண்டுக்கும் பைகள். சிறுநீருக்குச் சிறுகுடலின் ஒரு துண்டைக் குழாயாக்கும் முறையை யூஜின் பிரிக்கர் 1950-இல் விளக்கினார். இன்றும் அதுவே பெருவழக்கு. நோய் முன்பக்கம் மட்டும் இருந்தால் மலக்குடலையும், பின்பக்கம் மட்டும் இருந்தால் சிறுநீர்ப்பையையும் காப்பாற்றலாம். அப்போது ஒரு பை போதும். பை மாற்றவும் சுற்றியுள்ள தோலைப் பாதுகாக்கவும் ஸ்டோமா செவிலியர் கற்றுத்தருவார். அறுவைக்கு முன்பே, ஏற்கெனவே இப்படி வாழும் ஒரு பெண்ணைச் சந்தித்துப் பேசுவது எந்தக் கையேட்டையும்விட உதவும். பையின் தொடர்ச் செலவு, வீட்டில் தனிக் கழிப்பறை வசதி, வேலைக்குத் திரும்புதல், தாம்பத்தியம் ஆகியவற்றைப் பற்றி அறுவைக்கு முன் பேசாமல் விட்டால் அறுவைக்குப் பின் பேசவேண்டியிருக்கும். அது இன்னும் கடினம்.

இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான, கருப்பைவாயைத் தாண்டாத கட்டி என்றால் சிலருக்கு விரிந்த கருப்பை நீக்கம் மட்டுமே போதும். ஆனால் கதிர்பட்ட திசுக்கள் எளிதில் ஆறுவதில்லை, பொத்தல் விழும் ஆபத்து அதிகம். பக்கச் சுவர் வரை சென்ற நோயையும் சேர்த்து அகற்றும் ஒரு முறையை ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மிக்கேல் ஹோக்கெல் உருவாக்கினார். உலகில் மிகச் சில கைகளுக்கே அது வசப்பட்டிருக்கிறது. அறுவைக்கு உடல் இடம்கொடாதவர்களில் சிலருக்கு, ஊசிகளை நேரே கட்டிக்குள் செருகித் தரும் உள்கதிர்வீச்சோ, மிகக் குறுகிய இலக்கில் ஒரு சில தவணைகளில் தரும் எஸ்.பி.ஆர்.டி. முறையோ மறுகதிர்வீச்சாகப் பயன்படுகிறது.

தொலைவில் வந்த நோயிலும் விதிவிலக்குகள் உண்டு. வயிற்றின் பெருந்தமனியை ஒட்டிய கணுக்களில் மட்டும் நோய் வந்து, அந்தப் பகுதியில் முன்பு கதிர் படாமல் இருந்தால், கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துத் தருவதால் நீண்டகாலம் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். நுரையீரலில் ஓரிரு முடிச்சுகள் மட்டும் இருந்தால் அவற்றை வெட்டியெடுப்பதும் கருதத்தக்கதே.

மருந்துச் சிகிச்சை

பக்கச் சுவரிலோ பல இடங்களிலோ நோய் இருக்கும்போது, ரத்தத்தின் வழியே உடலெங்கும் செல்லும் மருந்துதான் முதன்மையானது. இங்கே நோக்கம் பெரும்பாலும் நோயைக் கட்டுக்குள் வைப்பது. கடந்த 25 ஆண்டுகளில் இந்தத் துறையில் நடந்த மாற்றத்தை அடுத்தடுத்த ஆய்வுகளின் எண்களே சொல்கின்றன.

2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் சிஸ்பிளாட்டின் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 6.5 மாதமாகவும், டோபோடெகான் சேர்த்தவர்களுக்கு 9.4 மாதமாகவும் இருந்தது. நான்கு இரட்டை மருந்துகளை ஒப்பிட்ட 2009-ஆம் ஆண்டு ஆய்வில் சிஸ்பிளாட்டின், பக்லிடாக்செல் இணைக்கு 12.9 மாதம். அன்றிலிருந்து இந்த இணையே அடித்தளம். சிஸ்பிளாட்டினுக்குப் பதிலாகக் கார்போபிளாட்டின் தந்தாலும் பலன் குறைவதில்லை என்று ஜப்பானிய ஆய்வொன்று காட்டியது. சிறுநீரகத்துக்கு அது இதம், மருத்துவமனையில் தங்கும் நேரமும் குறைவு. ஆனால் முன்பு சிஸ்பிளாட்டினே பெறாதவர்களுக்கு அதே ஆய்வில் சிஸ்பிளாட்டினே மேலாக இருந்தது. கதிர்வீச்சோடு முன்பு சிஸ்பிளாட்டின் பெற்றோமா என்பதை அறியப் பழைய டிஸ்சார்ஜ் சீட்டு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

அடுத்த படி, கட்டிக்குப் புது ரத்தநாளங்கள் முளைப்பதைத் தடுக்கும் பெவசிசுமாப். 452 பெண்கள் பங்கேற்ற ஆய்வில் இதைக் கீமோவுடன் சேர்த்தபோது இடைநிலை ஆயுள் 13.3 மாதத்திலிருந்து 17 மாதமாக உயர்ந்தது. 2014-இல் அமெரிக்கா இதற்கு ஒப்புதல் அளித்தது. இந்திய நிறுவனங்களே இதன் நிகர் மருந்துகளைத் தயாரிப்பதால் இங்கே விலை வெகுவாக இறங்கியிருக்கிறது. இதன் தனிப்பட்ட ஆபத்து, குடலுக்கும் யோனிக்கும் இடையே பொத்தல் விழுவது. ஆய்வில் 8 விழுக்காட்டினருக்கு இது நேர்ந்தது. அவர்கள் அனைவரும் முன்பு இடுப்பறையில் கதிர்வீச்சு பெற்றவர்கள். கட்டி ஏற்கெனவே குடலையோ சிறுநீர்ப்பையையோ தொட்டுக்கொண்டிருந்தால் இந்த மருந்தைத் தவிர்ப்பதே விவேகம். ரத்த அழுத்தத்தைத் தவறாமல் பார்க்கவேண்டும்.

பெரிய பாய்ச்சல் நோயெதிர்ப்பு மருந்துகளால் வந்தது. உடலின் காவல் அணுக்கள் தன்னைத் தாக்காதபடி கட்டி போட்டிருக்கும் தடையை இவை விலக்குகின்றன. 617 பெண்கள் பங்கேற்ற கீநோட்-826 ஆய்வில் கீமோவுடன் பெம்ப்ரோலிசுமாப் சேர்த்தபோது, பி.டி.-எல்1 உள்ளவர்களின் இடைநிலை ஆயுள் 16.5 மாதத்திலிருந்து 28.6 மாதமாக உயர்ந்தது. பங்கேற்றவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு பி.டி.-எல்1 இருந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அதிகபட்சம் இரண்டு ஆண்டுவரை இந்த மருந்து தரப்படுகிறது. 2024-இல் வெளியான பீட்சிசி ஆய்வில் கீமோ, பெவசிசுமாப் இரண்டோடும் அடெசோலிசுமாப் சேர்த்தபோது இடைநிலை ஆயுள் 32.1 மாதத்தை எட்டியது, சேர்க்காதவர்களுக்கு 22.8.

கீமோவின் பக்கவிளைவுகள் முடி உதிர்தல், வாந்தி, வெள்ளணுக் குறைவு, கைகால் மரத்துப்போதல் என்று பலருக்கும் தெரிந்தவை. நோயெதிர்ப்பு மருந்தின் விளைவுகள் வேறு வகை. தூண்டப்பட்ட காவல் அணுக்கள் நல்ல உறுப்புகளையும் தாக்கலாம்: தைராய்டு குறையலாம், வயிற்றுப்போக்கு தொடரலாம், மூச்சுத்திணறலோ மஞ்சள் காமாலையோ வரலாம். மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்தும் இவை தோன்றக்கூடும். ஊரிலுள்ள மருத்துவரிடம் சாதாரண வயிற்றுப்போக்கு என்று காட்டும்போது, இந்த மருந்து பெற்ற விவரத்தைச் சொல்லியே ஆகவேண்டும். இங்கே தேவைப்படுவது ஆன்டிபயாடிக் அல்ல, பெரும்பாலும் ஸ்டீராய்டு.

முதல் வரிசை மருந்துகளுக்குப் பிறகும் நோய் வளர்ந்தால் தேர்வுகள் சுருங்குகின்றன. நோயெதிர்ப்பு மருந்து முன்பு பெறாதவர்களுக்கு செமிப்லிமாப், சாதாரணக் கீமோவின் 8.5 மாதத்துக்கு எதிராக 12 மாத இடைநிலை ஆயுள் தந்தது. திசோடுமாப் வெடோடின் என்பது புற்றணுவின் மேலுள்ள ஒரு புரதத்தைத் தேடிப்போய் அங்கே நஞ்சை இறக்கும் மருந்து, 9.5 மாதத்தை 11.5 ஆக்கியது. கண்ணைப் பாதிக்கக்கூடியது என்பதால் ஒவ்வொரு தவணைக்கும் சொட்டுமருந்துகளும் கண் பரிசோதனையும் கட்டாயம். ஹெர்2 புரதம் மிகுந்த சில கட்டிகளுக்கு டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் பயன்படுகிறது. நோயாளியின் கட்டியிலிருந்தே நோயெதிர்ப்பு அணுக்களைப் பிரித்து வளர்த்து மறுபடி ஏற்றும் முறையில், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் சிகிச்சை பெற்ற ஒன்பது பேரில் மூவருக்குக் கட்டி சுருங்கியது, அவர்களில் இருவருக்கு முற்றாக மறைந்தது. 2015-இல் வெளியான இந்த முடிவு இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டிப் பரவலாகவில்லை.

ஆயுள் பற்றிய எண்களைப் படிக்கும் விதம்

இடைநிலை ஆயுள் 17 மாதம் என்றால், ஒவ்வொருவருக்கும் 17 மாதம்தான் என்று பொருளல்ல. நூறு பேரை வரிசைப்படுத்தினால் பாதிப்பேர் அதற்குக் குறைவாகவும் பாதிப்பேர் அதற்கு மேலும் வாழ்ந்தார்கள் என்று மட்டுமே பொருள். மேற்பாதியில் உள்ளவர்களில் சிலர் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள்; நோயெதிர்ப்பு மருந்துகள் வந்தபின் அந்த வால்பகுதி நீண்டிருக்கிறது. இரண்டு வெவ்வேறு ஆய்வுகளின் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடவும் கூடாது. ஆய்வில் சேர்க்கப்படுபவர்கள் எழுந்து நடமாடும், சிறுநீரகம் நன்கு இயங்கும் பெண்கள். அரசு மருத்துவமனை வார்டில் ரத்தசோகையோடு படுத்திருப்பவருக்கு அதே எண்ணை அப்படியே பொருத்திச் சொல்வது நியாயமாகாது.

தனி ஒருவருக்கு எது சாதகம், எது பாதகம் என்பதை மருத்துவர்கள் சில குறிகளால் கணிக்கிறார்கள். அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் வலிமை, முன்பு கதிர்படாத இடத்தில் நோய் இருப்பது, முதல் சிகிச்சைக்கு ஓராண்டுக்குப் பின் திரும்பியிருப்பது, முன்பு சிஸ்பிளாட்டின் பெறாதிருப்பது ஆகியவை நல்ல குறிகள். சிறுசெல் நியூரோஎண்டோகிரைன் என்ற அரிய வகை மட்டும் இந்தக் கணக்குகளுக்கு வெளியே நிற்கிறது; அதன் வேகமும் மருந்தும் வேறு. எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள் ஏ.ஆர்.டி. மாத்திரையை விடாமல் எடுத்துக்கொண்டால் மேற்சொன்ன சிகிச்சைகளைப் பெறத் தடையில்லை.

செலவு

சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின், பக்லிடாக்செல் மூன்றும் அரசு மருத்துவமனைகளில் கிடைப்பவை. நோயெதிர்ப்பு மருந்துகளின் முழு அளவு லட்சக்கணக்கில் போகும். தமிழகத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. ஆனால் எந்த மருந்து, எந்த அறுவை அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். நிலத்தை விற்கும் முன், அந்த மருந்து கூட்டித்தரும் காலம் எவ்வளவு, அது குணமாக்குமா அல்லது தள்ளிப்போடுமா என்ற கேள்வியை மருத்துவரிடம் நேராகக் கேட்பது குடும்பத்தின் உரிமை. குறைந்த அளவு நோயெதிர்ப்பு மருந்தை மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஆராய்ந்து நல்ல பலன் கண்டது தலை, கழுத்துப் புற்றுநோயில். அதைக் கருப்பைவாய்க்கும் பொருந்தியதாகக் கொள்ள அந்த ஆய்வு ஆதாரமாகாது.

வலி, ரத்தப்போக்கு, சிறுநீரக அடைப்பு

இவற்றுக்கான கவனிப்பு, சிகிச்சை தோற்றபின் தொடங்குவதல்ல. முதல் நாளிலிருந்தே உடன் நடக்கவேண்டியது. வலி நீக்கப்பட்டவர்தான் சாப்பிடுவார், தூங்குவார், கீமோவைத் தாங்குவார்.

பக்கச் சுவர் நோயின் நரம்புவலிக்குச் சாதாரண மாத்திரைகள் எட்டா. மார்ஃபின் மாத்திரை விலை குறைந்தது, பயனுள்ளது. உரிய முறையில் வலிக்காக எடுத்துக்கொள்பவர் அதற்கு அடிமையாவது அரிது. மருந்தளவை மெல்ல உயர்த்த இடமிருக்கிறது. மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்பதால் மலமிளக்கியை முதல் நாளே சேர்த்துத் தரவேண்டும். எரிச்சலும் ‘கரண்ட் அடிப்பது போன்ற’ சுருக்கென்ற வலியும் இருந்தால் கபாபென்டின் அல்லது அமிட்ரிப்டிலின் கூடச் சேர்க்கப்படும். அதற்கும் அடங்காத இடுப்பறை வலிக்கு நரம்புப் பின்னலில் ஊசி மருந்து செலுத்தி உணர்வைத் தடுக்கலாம்.

திடீரென்று அதிக ரத்தப்போக்கு ஏற்பட்டால் மருத்துவமனையில் யோனிக்குள் துணி அடைத்து நிறுத்துவார்கள். பிறகு சில தவணைக் கதிர்வீச்சோ, ரத்தநாளத்தை அடைக்கும் சிகிச்சையோ. துர்நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்து யோனிக்குள் வைப்பது எளிய, பலனுள்ள வழி. நாற்றத்துக்கு அஞ்சி உறவினர் வீட்டுக்குக்கூடப் போகாமல் ஒதுங்கியிருக்கும் பெண்களுக்கு இந்தச் சிறு செயல் பெரிய விடுதலை. ஒரு கால் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அதை உடனே ஸ்கேன் செய்து பார்க்கவேண்டும்.

சிறுநீர்க்குழாய்களைக் கட்டி நெருக்கும்போது கிரியாட்டினின் ஏறும், வாந்தியும் மயக்கமும் வரும். இந்நோயில் இறப்புக்கு இது ஒரு முக்கியக் காரணம். உள்ளே டி.ஜே. ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாயை வைக்கலாம், முடியாவிட்டால் முதுகுப்பக்கமாகச் சிறுநீரகத்துக்குள் குழாய் செருகிப் பையில் வடிக்கலாம். அடுத்து தருவதற்குச் சிகிச்சை இருக்கும்போது இது கட்டாயம். சிறுநீரகம் தேறினால்தான் கீமோ தரமுடியும். சிகிச்சை எல்லாம் முடிந்த நிலையில், குழாய் வைப்பதால் கூடும் நாட்கள் கூடிய வலியோடு கழியக்கூடும். சிறுநீரகம் மெல்லச் செயலிழக்கும்போது வரும் உறக்கநிலை ஒப்பீட்டளவில் வேதனை குறைந்தது. வைக்கலாமா வேண்டாமா என்பதை நோயாளி தெளிவாகப் பேசும் நிலையில் இருக்கும்போதே அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், நள்ளிரவில் அவசரப் பிரிவு வாசலில் உறவினர்கள் முடிவெடுக்கும்படி விடக்கூடாது.

படுக்கையில் இருப்பவருக்கு மருத்துவமனைக்கு அலைவது இயலாது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நோய்த்தணிப்புச் சேவையும் வீட்டிலேயே அளிக்கப்படுகிறது. வட்டார ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்தால் செவிலியர் வீட்டுக்கு வந்து புண்ணுக்குக் கட்டுப்போடுவார், குழாயைக் கவனிப்பார். மார்ஃபின் மாத்திரையை மட்டும் அதற்கான அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையிலிருந்து சீட்டைக் காட்டிக் குடும்பத்தினர் வாங்கி வரவேண்டியிருக்கும்; கையிருப்பு தீருமுன்பே அடுத்த முறைக்கு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.